தண்ணிக்கு வழி விடுங்க!

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில் உங்கள் வீட்டு ஹால் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மேல் வீட்டு பால்கனிக்கு நேர் கீழே, மூலையில், டீயைக் கொட்டிய மாதிரி ஒரு பழுப்பு வட்டம் தெரிகிறதா? போன வருஷம் தட்டு அளவில் இருந்தது, இந்த வருஷம் தாம்பாளம் அளவுக்கு வளர்ந்திருக்கும். நீங்கள் மேல் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவீர்கள். அவர் மழையைக் கை காட்டுவார். பில்டரைக் கேட்டால், 'ஹேர்லைன் கிராக்தான் சார், ஒண்ணும் பயமில்ல' என்பார். கடைசியில் பெயிண்டர் வருவார். வட்டத்தின் மேல் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த ஐப்பசியில் வட்டம் மறுபடி ஆஜர்!

இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. கூரையை மனுஷன் தட்டையாகப் போட ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே வருகிற சமாச்சாரம். ஓலைக் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. விழுந்த வேகத்தில் தண்ணி சரிந்து ஓடிவிடும். நின்று யோசிக்க அதற்கு நேரமில்லை. ஆனால், மேலே ஏறி நிற்கணும், வடகம் காயப்போடணும், நிலா பார்க்கணும், பூந்தொட்டி வைக்கணும் என்று நாம் ஆசைப்பட்டோமே... அங்கே ஆரம்பித்தது வினை. உங்களுக்கு நிற்கத் தோதான இடம் என்றால், தண்ணிக்கும் அது நிற்கத் தோதான இடம்தானே?

சரி, இந்த வழக்கை முதலில் இருந்து பார்ப்போம். கிளம்புங்கள், மொகஞ்சதாரோவுக்கு!

1920-களில் அங்கே தோண்டியபோது ஒரு பெரிய குளம் கிடைத்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். சுமார் 39 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். வயசு நாலாயிரம் வருஷத்துக்கு மேலே. இந்தக் குளத்தில் தண்ணி கசியாமல் இருக்க அந்த ஊர்க் கொத்தனார்கள் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் இன்றைய கான்ட்ராக்டர்கள் வெட்கப்படவேண்டும். செங்கற்களை இடைவெளியே தெரியாமல் நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு அங்குலத்துக்கு இயற்கைத் தார் அப்பியிருக்கிறார்கள். தண்ணி புகாத பூச்சு பற்றிய நமக்குத் தெரிந்த மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று.

ஆனால், நான் உங்களுக்குக் காட்ட வந்தது தாரை அல்ல. குளத்தின் தரையை. அது மட்டமாக இல்லை. தென்மேற்கு மூலையை நோக்கிச் சரிகிறது. அந்த மூலையில் தண்ணி வெளியேற ஒரு வழி. அதிலிருந்து ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு ஒரு கால்வாய்! நம்ம கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்களே... 'சார், வாட்டம் அந்தப் பக்கம் கொடுத்திருக்கேன்' என்று. அந்த வாட்டம்தான். தண்ணியைத் தேக்கி வைப்பதற்கென்றே கட்டிய குளத்துக்கே வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணி தங்கவே கூடாத பால்கனியை இன்றைக்குத் தாம்பாளம் மாதிரி மட்டமாக விட்டுவிட்டுப் போகிறார்கள்!

பாபிலோன் தொங்கும் தோட்டம் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். அப்படி ஒன்று நிஜமாகவே பாபிலோனில் இருந்ததா என்பதே இன்று வரை தகராறு. பாபிலோன் கல்வெட்டு எதிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது பாபிலோனே இல்லை, நினிவே என்கிறவர்களும் உண்டு. இருந்ததோ இல்லையோ, கிறிஸ்து பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு டியோடோரஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்த வர்ணனை சுவாரஸ்யமானது. கல் உத்தரங்கள். அதற்கு மேல் நிறையத் தாரில் தோய்த்த நாணல். அதன் மேல் சுட்ட செங்கல் இரண்டு வரிசை. அதற்கும் மேல் ஈயத் தகடு. அப்புறம்தான் மண், மரம், செடி எல்லாம். ராணிக்காகத் தோட்டம் போட்டானாம் ராஜா என்று கதையாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். கூர்ந்து பார்த்தால், இது ஒரு மொட்டை மாடித் தோட்டத்துக்கான வாட்டர்புரூஃபிங் எஸ்டிமேட்! இன்றைக்கு மாடித் தோட்டம் போடுகிறவர்களும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் அடுக்குகிறார்கள். நாணலும் தாரும் இருந்த இடத்தில் ஷீட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரோமானியர்கள் இன்னும் கறார். அகஸ்டஸ் சீசர் காலத்து இன்ஜினீயர் விட்ருவியஸ், கட்டடக்கலை பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதியவர். அதில் ஏழாவது தொகுதியில் வெட்டவெளித் தளம் எப்படிப் போடவேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறார். பலகையை இரண்டு வரிசை குறுக்கும் நெடுக்குமாக ஆணி அடி. உடைத்த கல்லும், இடித்த ஓட்டுத் தூளும், சுண்ணாம்பும் கலந்து ஒரு அடி மொத்தத்துக்குப் போட்டு இடி. அப்புறம் மேல்பூச்சு, ஓடு. வாட்டம் எவ்வளவு? பத்தடிக்கு இரண்டு 'டிஜிட்', அதாவது இரண்டு விரற்கடை. நம்ம கணக்கில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். இரண்டாயிரம் வருஷம் கழித்து, விட்ருவியஸ் பெயரையே கேள்விப்படாத நம்ம ஊர் மேஸ்திரியும், 'பத்தடிக்கு ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் இருக்கணும் சார்' என்றுதான் சொல்கிறார். தண்ணிக்கு ரோமும் ஒன்றுதான், ராயப்பேட்டையும் ஒன்றுதான் போல!

விட்ருவியஸ் இன்னொன்றும் சொல்கிறார். வருஷா வருஷம் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆலிவ் எண்ணெய் எடுத்த பிறகு அடியில் தங்குகிற கசண்டை ஓடுகளின் இடுக்கில் ஊறும்படி விடவேண்டுமாம். அதாவது, தளம் போட்டதோடு வேலை முடியவில்லை, வருஷம் தவறாமல் அதைக் கவனிக்கவேண்டும் என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார். பத்து வருஷ கியாரண்டி கார்டை பீரோவில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற நமக்கு இது புதுசாகத்தான் இருக்கும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புதுச்சேரி பக்கம் பழைய வீட்டுக்குள் போனால் கூரையை அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடும். சட்டத்துக்குச் சட்டம் நடுவே சின்னச் சின்னச் செங்கற்கள், நிறுத்தி வைத்த மாதிரி, மூலைவாட்டில் சாய்ந்து போகும். இதற்குப் பெயரே 'மெட்ராஸ் டெரஸ்'. கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. மரம், செங்கல், சுண்ணாம்பு, அப்புறம் மனுஷ உழைப்பு.

அந்தக் கடைசி ஐட்டம்தான் முக்கியம். செங்கல் வரிசை முடிந்ததும், அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று, நான்கு அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். வாட்டம் இந்த இடத்திலேயே வந்துவிடும். ஒரு பக்கம் மொத்தம், தூம்பு இருக்கிற பக்கம் மெல்லிசு. பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு அடிக்க ஆரம்பிப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... ஒரு வாரம் போல! நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணியைத் தெளிப்பார்கள். எப்போது நிறுத்துவது? அடிக்கிற கட்டை தளத்தில் பட்டு எகிறித் திரும்பவேண்டும். அதுதான் டெஸ்ட். லேபும் கிடையாது, மெஷினும் கிடையாது. கையில் உணர்ந்து, 'ஆச்சு' என்று சொல்லவேண்டும்.

இதில் கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் என்ன வேலை என்று கேட்பீர்கள். சர்க்கரைப் பொருள் சேர்ந்தால் சாந்து இறுகுவது தாமதமாகும். ஒரு வாரம் அடிக்கவேண்டும் என்றால், ஒரு வாரம் அது இளக்கமாக இருக்கவேண்டாமா? அடிக்க அடிக்க உள்ளே இருக்கிற காற்றும் ஓட்டைகளும் போய், தளம் கெட்டியாகும். தண்ணிக்கு நுழைய இடமில்லை. மேலே தட்டோடு பதித்துச் சுண்ணாம்பால் இடுக்கு அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. சுண்ணாம்பிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. மயிரிழை விரிசல் விட்டால், மழைத் தண்ணியில் கொஞ்சம் கரைந்து, விரிசலுக்குள் போய், காற்றுப் பட்டு மறுபடி கல்லாகிவிடும். தன் காயத்துக்குத் தானே கட்டுப் போட்டுக்கொள்ளும்!

வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். சும்மா சொல்லவில்லை, அச்சிலேயே இருக்கிறது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஐசக் பைக் என்பவர், 'மெட்ராஸில் தலைசிறந்த சாந்து தயாரிக்கும் முறை' என்று ஒரு கட்டுரை எழுதி, அது 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. ஆமாம், நியூட்டன் எழுதிய அதே இதழ்தான். மணல், சுண்ணாம்பு, வெல்லம், பயறு வேகவைத்த தண்ணி, கடுக்காய், தயிர், முட்டை வெள்ளைக்கரு என்று சமையல் குறிப்பு மாதிரி போகிறது அது. நம்ம பாட்டன், பூட்டன் கைப்பக்குவம் லண்டன் விஞ்ஞானிகள் மேஜை வரை போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தக் கூரையிலும் வில்லங்கம் உண்டு. சுவருக்குள் நுழைகிற சட்டத்தின் முனை ஓதம் ஏறி இற்றுப் போகும். கரையான் வரும். தூம்புப் பக்கம் அரசங்கன்று முளைக்கும். பிடுங்காமல் விட்டால் அதன் வேர் மொத்தத் தளத்தையும் பிளந்துவிடும். பழைய வீடுகள் நூறு வருஷம் நின்றது வெல்லத்தால் மட்டும் இல்லை. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் யாராவது ஒருத்தர் மாடியேறி, சருகைக் கூட்டி, செடியைப் பிடுங்கி, விட்டுப்போன இடத்தில் சுண்ணாம்பு அடைத்தார்கள். அந்த ஆள் வேலையை விட்டதும் அந்த வீடுகளும் ஒழுக ஆரம்பித்துவிட்டன.

அப்புறம் வந்தது சிமென்ட். 1824-ல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்டுக்கு பேடன்ட் வாங்கினார். அதோடு இரும்புக் கம்பியைச் சேர்த்தது பிரான்ஸ்காரர்கள். இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் கம்பியும் சிமென்டும் சேர்த்து ஒருவர் செய்தது படகு. பெயர் லாம்போ. இன்னொருவர் செய்தது பூந்தொட்டி. அவர் மோனியே என்கிற தோட்டக்காரர், 1867-ல் பேடன்ட் வாங்கியவர். ஒன்று தண்ணியை உள்ளே விடக்கூடாது, இன்னொன்று வெளியே விடக்கூடாது! இப்படிப் பிறந்த கான்கிரீட், ஒழுகவே ஒழுகாது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதுதான் பெரிய தப்பு. கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய. வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், எங்காவது கீறல் விடும். தண்ணி ஒரு பொறுமைசாலி. கீறல் கிடைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த நம்பிக்கையில் உச்சிக்குப் போனவர் லெ கார்பூசியே. சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டாரே, அவரேதான். சாய்ந்த கூரை பழங்காலத்துச் சரக்கு, இனிமேல் கூரை தட்டையாக இருக்கவேண்டும், அதன் மேல் தோட்டம் இருக்கவேண்டும் என்பது 1920-களில் அவர் அறிவித்த ஐந்து கட்டளைகளில் ஒன்று. அந்தக் கட்டளைப்படி பாரிஸுக்கு வெளியே புவாஸி என்ற ஊரில், சவோய் என்ற பணக்காரத் தம்பதிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். 1931-ல் முடிந்தது. தூண்கள் மேல் நிற்கிற வெள்ளைப் பெட்டி, நடுவில் திறந்தவெளித் தளம், உச்சியில் வெயில் காய ஒரு தளம். உலகம் முழுக்க ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற வீடு.

அதில் குடியிருந்த அம்மாவின் நிலைமை வேறு. ஒழுகல்! 1936 செப்டம்பரில் மேடம் சவோய், கார்பூசியேவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் நம்ம பக்கத்து ஃப்ளாட் அம்மா எழுதியது போலவே இருக்கிறது. ஹாலில் மழை பெய்கிறது, சரிவுப் பாதையில் மழை பெய்கிறது, கராஜ் சுவர் ஊறிக் கிடக்கிறது, என் குளியலறை ஒவ்வொரு மழைக்கும் வெள்ளக்காடாகிறது என்று அடுக்குகிறார். அடுத்த வருஷம் பொறுமை போய்விட்டது. வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்கித் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன் என்று எழுதிவிட்டார். கேஸ் நடக்கவில்லை. அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. 1940-ல் அந்தக் குடும்பம் வீட்டை விட்டே கிளம்பியது. முதலில் ஜெர்மன் சிப்பாய்கள், அப்புறம் அமெரிக்க சிப்பாய்கள் தங்கி வீட்டை நாசமாக்கினார்கள். 1965-ல் அந்த வீடு பாரம்பரியச் சின்னம், 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில். உலகத்துக்கு அது கலைச் சின்னம். மேடம் சவோய்க்கு அது கடைசி வரை வாளி வைக்கிற வீடு!

அமெரிக்காவின் பெரிய ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். அவர் கட்டிக் கொடுத்த வீட்டில் தொழிலதிபர் ஒருவர் விருந்து கொடுத்துக்கொண்டிருந்தாராம். சொட்டுச் சொட்டாகக் கூரைத் தண்ணி அவர் தலையிலேயே விழ, அங்கிருந்தே ரைட்டுக்கு போன். ரைட் அலட்டிக்கொள்ளாமல் சொன்ன பதில்: 'நாற்காலியை நகர்த்திப் போடுங்கள்.' கதை எந்த அளவுக்கு நிஜமோ... ஆனால், இந்தப் பதிலை வேறு வேறு வார்த்தையில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம். இனி சிரிக்க முடியாது.

பால்கனி எப்படி நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜை ஓரத்தில் பாதி வெளியே நீட்டி வைத்து, உள்பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியில் விரலால் அழுத்துங்கள். ஸ்கேல் வளைகிறது. அப்போது அதன் மேல்பக்கம் இழுபடுகிறது, அடிப்பக்கம் நசுங்குகிறது. பால்கனியும் அதே ஸ்கேல்தான். இழுப்பைத் தாங்குவதற்கு இரும்புக் கம்பி தேவை. எனவே, சாதாரண அறையின் கூரையில் நடுப்பகுதிக் கம்பி அடிப்பக்கம் இருக்க, நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். டைல்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குலம்தான்!

இப்போது விஷயம் புரிகிறதா? டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிற தண்ணி முதலில் சந்திப்பது, அந்த பால்கனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பியைத்தான். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் கவசம் போலக் காக்கும். தண்ணியும் காற்றும் வருஷக்கணக்கில் போய்வந்தால் அந்தக் கவசம் கழன்றுவிடும். கடற்கரை ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு பிடித்த இரும்புக்கு, பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு இடம் பிடிக்கும். கீழ் வீட்டுக்காரர் கூரையில் வட்டம் தெரிவது எல்லாம் கடைசி நிலை. தண்ணி கம்பியைப் பார்த்துவிட்டு, பேசிவிட்டு, அப்புறம்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

மரத்தில் கட்டினாலும் தப்பிக்க முடியாது. 2015 ஜூன் 16, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம். ஒரு அப்பார்ட்மென்ட்டில் பிறந்தநாள் பார்ட்டி. கோடை விடுமுறைக்கு அயர்லாந்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள். நள்ளிரவு தாண்டி பால்கனியில் பதின்மூன்று பேர் நின்றபோது அது அப்படியே மடிந்து கீழே போனது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேருக்குக் காயம். கட்டடம் திறந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. பார்த்தால், பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்கள் உள்ளே தண்ணி தங்கி, மட்கிப் போயிருந்தன. வெளியே பூச்சு பளிச்சென்று இருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2018-ல், அடுக்குமாடி பால்கனிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்தே ஆகவேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது.

அதே 2018-ல், அமெரிக்காவின் இன்னொரு கோடியில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஃபுளோரிடா மாகாணம், மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடு. கடலைப் பார்த்த 12 மாடிக் கட்டடம், சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 1981-ல் கட்டியது, 136 வீடுகள். கீழே கார் நிறுத்துமிடம், அதன் கூரைதான் மேலே நீச்சல்குளத்தைச் சுற்றிய தளம். அந்த வருஷம் அக்டோபரில், சோதித்துப் பார்த்த இன்ஜினீயர் சங்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தார். அதன் சாரம் இது: தளத்தின் வாட்டர்புரூஃபிங் ஆயுசு முடிந்துவிட்டது, கீழே கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது. காரணம், அந்தத் தளத்துக்கு வாட்டமே கொடுக்கவில்லை. மட்டமாகப் போட்டுவிட்டார்கள். விழுகிற தண்ணி ஓட வழியில்லாமல், ஆவியாகிப் போகும் வரை அங்கேயே நிற்கிறது. இது ஆரம்ப வரைபடத்திலேயே நடந்த பெரிய தவறு. முன்பு கீழ்ப்பக்கம் இருந்து விரிசலுக்கு ரசாயனம் ஏற்றி அடைத்தார்களே, அந்த ரிப்பேரும் புட்டுக்கொண்டுவிட்டது.

மொகஞ்சதாரோக்காரனுக்குத் தெரிந்தது, விட்ருவியஸ் அளந்து எழுதியது, மெட்ராஸ் பெண்கள் கட்டையால் அடித்தே உண்டாக்கியது... அது அங்கே இல்லை!

அப்புறம் நடந்தது நம்ம ஊர் அசோசியேஷன் மீட்டிங் போலவே இருந்தது. இவ்வளவு செலவா என்று வாக்குவாதம். 2019-ல் நிர்வாகிகளில் பெரும்பாலோர் ராஜினாமா. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, செலவு ஏறி ஏறி ஒன்றரைக் கோடி டாலர் ஆனது. வீட்டுக்கு 80,000 டாலரிலிருந்து 3 லட்சத்து 30,000 டாலருக்கு மேல் வரை பங்கு விழுந்தது. 2021 ஏப்ரலில் சங்கத் தலைவர் எல்லோருக்கும் கடிதம் எழுதினார், நிலைமை முன்பைவிட ரொம்ப மோசம் என்று. ஜூலை 1-லிருந்து பணம் கட்டவேண்டும் என்று முடிவானது.

ஜூன் 24, அதிகாலை ஒன்றேகால் மணிக்கு மேல், முதலில் நீச்சல்குளத் தளம் இடிந்து கார்கள் மேல் விழுந்தது. சில நிமிஷத்தில் அதை ஒட்டிய பாதிக் கட்டடம் சரிந்தது. 98 பேர் இறந்துபோனார்கள். ஜூலை 1-க்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தண்ணி ஒன்றே அவர்களைக் கொன்றது என்று சொன்னால் அது நியாயமில்லை. விசாரணை நடத்திய அமெரிக்க அரசு நிபுணர்கள், தூணும் தளமும் சேருகிற இடங்களில் ஆரம்பத்திலேயே விதிமுறை கேட்கிற பலம் இல்லை, பின்னால் ஏற்றிய செடித்தொட்டி மேடைகளும் கூடுதல் தளக்கற்களும் சுமையைக் கூட்டின என்று கண்டறிந்தார்கள். பலவீனமாகப் பிறந்த தளம், அதன் மேல் பாரம், அதற்குள்ளே நாற்பது வருஷம் இறங்கிய தண்ணி. 2022-ல் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு முடிவானது. ரிப்பேருக்குக் கேட்டது ஒன்றரைக் கோடி.

உங்கள் பால்கனி அப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான பால்கனி ஒழுகலில் போவது காரையும் பெயிண்ட்டும் இரண்டு குடும்பத்தின் நட்பும்தான். ஆனால், ரிப்பேர் என்று இறங்கினால் எந்த ரிப்பேர் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். கீழ் வீட்டுக் கூரையில் பூசுவது ரிப்பேரே இல்லை. நோயாளி மேலே இருக்கிறார், மருந்தைக் கீழே தடவினால் எப்படி? தண்ணி மேலே இருந்து வருகிறது, அங்கேதான் பிடிக்கவேண்டும். டைல்ஸ் மேலேயே ஒரு கெமிக்கலை அடித்துவிட்டுப் போவது ஒன்றிரண்டு மழைக்குத் தாங்கும். டைல்ஸைப் பெயர்த்து, வாட்டம் பார்த்து, சரியில்லாவிட்டால் புதிதாக வாட்டம் போட்டு, அதற்கு மேல் பூச்சு கொடுத்து, அந்தப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுற்றுச்சுவரில் ஒரு அடியாவது ஏற்றி, சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கூராக விடாமல் வளைவாக்கி, குழாய் இறங்குகிற இடத்தைத் தனியாகக் கவனித்து... இதெல்லாம் செய்கிறேன் என்கிறவரிடம் பேசுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் குழாயை அடைத்து, ஒரு நாள், இரண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பால்கனியின் வெளி விளிம்பில், அடிப்பக்கம், விரல் நுழைகிற மாதிரி ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். விளிம்பில் வழிகிற தண்ணி அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர் வரை போவதை அந்தச் சின்னக் காடி தடுத்துவிடும். கம்பி வெளியே தெரிந்தாலோ, துருக்கறை வழிந்தாலோ, இது எதுவும் போதாது. பெயிண்டரை அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை. காசு செலவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் இருக்கிற பழைய நாற்காலி, செருப்பு ஸ்டாண்டு, துளசித் தொட்டி எல்லாவற்றையும் எடுத்து ஹாலில் வையுங்கள். ஒரு வாளித் தண்ணியைக் கதவோரத்தில் கொட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து, தண்ணி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். அப்புறம் கீழே இறங்கிப் போய், கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் கூரையில் அதே இடத்தை அண்ணாந்து பாருங்கள்.